குரல் நின்றால் கை நிற்க வேண்டும்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் என் தம்பியைக் குருவி என்று கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லிதான், ஆனால் பெயர் அதனால் வரவில்லை. அவன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். எல்லாரும் தரையில் நிற்கும்போது அவன் மட்டும் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குக்கூட இறங்கமாட்டான். தூக்குப் பாத்திரத்தைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வான். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் கூட்டில் குருவி உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

நான் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்தக் கிரேன் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், "அதோ, அந்த உச்சியில இருக்கறது என் தம்பி," என்று காட்டுவேன். ஒருத்தி, "இவ்வளவு தூரத்துல உங்க தம்பியா வேற ஆளான்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். சுமை ஆடாமல் போகிறதா என்று பார், ஆடவில்லை என்றால் அவன்தான் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. அவன் மேல் இன்றைக்கும் பெருமைதான். ஆனால் இடையில் ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுக்கா, ஆனா என்ன நல்லவனாக் காட்டாத," என்றான்.

கிரேன் வேலையில் ஒரு முறை உண்டு. கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமை இறக்கும்போது மேலே இருப்பவனுக்கு அந்தச் சுமை கண்ணில் படாது. கீழே நிற்கும் சிக்னல்மேன் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல அவன் இறக்குவான். ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சுமை தரையைத் தொடும்வரை "எறக்கு, எறக்கு, எறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். பேட்டரி போயிருக்கலாம், சொல்கிறவருக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, சத்தம் இல்லை என்றால் அசையக் கூடாது. தனியாக 'நிறுத்து' என்று சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது.

என் தம்பிக்கு வாய்த்த சிக்னல்மேனுக்கு ரேடியோ என்று பெயர். வேலை நேரத்தில் விடாமல் பேச வேண்டியவர், வேலை முடிந்த பிறகும் நிறுத்தமாட்டார். "தூங்குனா அணைஞ்சிடுவாருன்னு பாத்தா, தூக்கத்துலயும் எறக்கு எறக்குங்கறாரு," என்று அவர் மனைவி சொல்வாள். எங்கள் வீட்டுக்கு பீரோ வந்தபோது அவர்கள் இருவரும்தான் படியில் ஏற்றினார்கள். தம்பி முதுகைக் கொடுத்து மேலே தூக்க, அவர் கீழே நின்றுகொண்டு அன்றைக்கும் வாய் ஓயாமல் வழி சொன்னார்.

"கிரேன் மேல இருந்து பாத்தா நான் எப்படிடா தெரியறேன்?"

"மஞ்சத் தொப்பி போட்ட எறும்பு மாதிரி அண்ணே."

"எறும்பு பேசுது, குருவி கேக்குது. எங்கயாவது உண்டா இது?"

அவ்வளவு சிநேகம் இருவருக்கும்.

அன்று நடந்ததை, இப்போது எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கட்டடத்தின் பின்பக்கம் கடைசியாக ஒரு கம்பிக் கட்டு இறங்க வேண்டியிருந்தது. அது பாதிக்கு மேல் இறங்கிவிட்டபோது, முகமூடி மாட்டிய ஒரு வெல்டர் அண்ணாந்து பார்க்காமல் நேராக அதன் அடியில் போய் நின்றார். ரேடியோ கத்திப் பார்த்தார், வெல்டருக்குக் கேட்கவில்லை. அவர் வாக்கி டாக்கியின் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வெல்டரைத் தள்ளிவிட ஓடினார். ஓடும்போது அவருக்குப் பயம் இல்லை. குரல் நின்றுவிட்டது, ஆகவே சுமையும் நின்றிருக்கும் என்று நம்பித்தான் ஓடினார்.

சுமை நிற்கவில்லை. மேலே என் தம்பிக்குக் குரல் நின்றது கேட்டது. எத்தனையோ தடவை அதே இடத்தில் அதே போல இறக்கியவன். இன்னும் கொஞ்சம்தானே, எனக்குத் தெரியாதா, மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கை போய்க்கொண்டே இருந்தது. வெல்டர் தப்பித்தார். கம்பிக் கட்டு சாரத்தில் இடித்து, சரிந்து, ரேடியோவின் காலில் விழுந்தது.

எங்கள் மருத்துவமனைக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த நாள் விசாரணை. தகரக் கொட்டகை ஆபீஸில் சூப்பர்வைசர் என் தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குரல் நின்னுச்சா?"

"இல்ல சார். நிக்கல. எறக்குன்னு சொல்லிட்டேதான் இருந்தாரு."

"வாயத் தொறந்தப்ப உண்மையச் சொல்லத்தான் தொறந்தேன்க்கா. வந்தது வேற," என்று பின்னால் என்னிடம் சொன்னான். வெல்டருக்கு முதுகில் கை பட்டதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆகவே தவறு ரேடியோவுடையது என்று முடிவாயிற்று. இனி அந்த வேலைக்கு அவர் வேண்டாம் என்று, கால் கட்டோடு கட்டிலில் கிடந்தவரிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி மறுபடி வேலைக்குப் போன அன்று, ஏணியில் முதல் தட்டுவரை ஏறினான். அதற்குமேல் கை கம்பியை விடவில்லை. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கடைசியில் இரண்டு பேர் ஏறி, ஒருவர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அவன் பாதத்தை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். வேலையாட்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. அன்று மழை பெய்யவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "விடு குருவி. கண்ணு முன்னால அப்படி நடந்தா எவனுக்கும் பயம் வரும்," என்று சூப்பர்வைசர் தோளில் தட்டினார். வெளியே போகும் லாரிகளின் சக்கரத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடும் வேலையை வாசலில் கொடுத்தார்கள். உச்சியில் உட்கார்ந்திருந்தவன் சேற்றில் குனிந்து நின்றான். மொட்டை மாடிக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். சலவைப் பிரிவில் யாராவது தம்பியைப் பற்றி விசாரித்தால், "அந்த சிக்னல்மேன் பண்ண தப்புக்கு இவன் பயந்து கெடக்கறான். வாய் ஓயாத ஆளுக்கு வேலையில கவனம் எங்க இருக்கும்?" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

விரிப்பு மாற்றுவதற்கு வார்டுக்குப் போகும்போது ரேடியோவைப் பார்ப்பேன். காலில் கம்பிகள் குத்தி நிறுத்தியிருந்தார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம், "இவருக்குப் பேச்சு வராதாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்கள் சபையில் முறை வைத்து வேதம் வாசிப்பவர்களில் தம்பியும் ஒருவன். நல்ல குரல் அவனுக்கு. விபத்துக்குப் பிறகு வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில், செருப்பு கழற்றும் வாசலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரு தடவை தாகம் என்றான். அடுத்த தடவை போன் என்றான். மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, எனக்கு ஓரம் சேராத விரிப்பைப் போல அது கண்ணை உறுத்தியது.

சபையார் எல்லாரும் அவனுடைய பயம் நீங்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். பெயர் சொல்லி, கை வைத்து ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்து அவன் கண்ணைத் திறக்கும்போது முகம் இன்னும் சுருங்கியிருக்கும். வீட்டில் அவன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணி, இவரு தட்டுல கைய வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. கேட்டா பசிக்கலங்கறாரு. நீங்க கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள். கேட்டேன். "ஏணியப் பாத்தா பயமா இருக்குக்கா," என்று மட்டும் சொன்னான். நான் அவனை நம்பினேன். மனதைத் தளரவிடாதே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியவர் வரவில்லை. போதகர் தற்செயலாகப் பின் வரிசையைப் பார்த்து, "தம்பி, நீ வந்து வாசிச்சிடு," என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுக்க முடியாமல் எழுந்து போனான். திறந்து வைத்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவன் ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த பேதுருவைப் பார்த்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று மற்றவர்கள் கேட்க, சீடனான அவன் அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுக்கிற பகுதி அது.

முதல் மறுப்பை வாசித்தான். இரண்டாவதையும் வாசித்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதாகப் பேதுரு மறுத்து, சேவல் கூவுகிற இடம் வந்தது. அங்கே அவன் குரல் நின்றது.

தண்ணீர் குடிப்பான், தொடருவான் என்று காத்திருந்தோம். ஒரு குழந்தை எதையோ கீழே போட்டது. போதகர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். என் தம்பி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தான், அன்று ஏணிக் கம்பியையும் இப்படித்தான் பிடித்திருப்பான் என்று நினைக்கிறேன். "மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கி, எல்லார் நடுவிலும் நடந்து வெளியே போய்விட்டான். எனக்கு முகம் பற்றி எரிந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

செருப்புகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே சொன்னான்.

"குரல் நின்னுச்சுக்கா."

"தெரியுதுடா. நானும் உள்ளதானே இருந்தேன்."

"இப்ப இல்ல. அன்னிக்கு. ரேடியோ அண்ணன் பேச்ச நிறுத்திட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிறுத்தல."

மழை, கம்பிக் கட்டு, ஆபீஸில் சொன்ன பொய் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடித்தான். நான் சலவைப் பிரிவில் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக என் காதுக்குத் திரும்பி வந்தது. ஆனால் முதலில் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இப்பப் போய் சொன்னா லைசென்ஸே போயிடும்டா. உன் பொண்டாட்டிய நெனச்சுப் பாரு."

"நெனச்சேன்க்கா. இவ்ளோ நாளா அதத்தான் நெனச்சேன்." செருப்பு ஒன்றை எடுத்து அதன் ஜோடியோடு சேர்த்து வைத்தான். "பயத்த எடுங்கன்னு ஆண்டவர்கிட்ட தெனம் கேட்டேன். சபையும் கேட்டுச்சு. அவர் எடுக்கல. ஏணி பயமே இல்ல அது. மேல ஏறி உக்காந்தா மறுபடி வாக்கி டாக்கிய காதுல வெக்கணும். யார் குரல் வந்தாலும் எனக்கு அண்ணன் குரல்தான் கேக்கும். நின்ன குரல். மொதல்ல நான் அந்தப் பொய்ய எடுக்கணும். அப்புறம்தான் அவர்கிட்ட எத எடுக்கச் சொல்லியும் கேக்க முடியும்."

"அப்ப ஏன்டா பாதியில நிறுத்தின? வாசிச்சு முடிச்சிருக்கலாமே."

"அடுத்த வரி என்னன்னு தெரியும்லக்கா. இயேசு திரும்பி பேதுருவப் பாத்தாரு. திட்டல, ஒண்ணும் கேக்கல, பாத்தாரு. அந்தப் பார்வையில வெறுப்பு இருந்திருந்தா பேதுரு அழுதிருக்க மாட்டான். ஓடியே போயிருப்பான். அழுதான்னா, இன்னும் தன்னை வேணும்ங்கறாருன்னு புரிஞ்சிருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்த வரிய நான் ஒரு பொய்யனா நின்னு வாசிக்க முடியாது."

"அண்ணனப் பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்தான். உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. நானும் கூடப் போனேன்.

அதற்குள் ரேடியோவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடு ஒற்றை அறை. ஜன்னலோரம் நாற்காலியில், அக்குள் கட்டைகள் இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க. அவர்தான் பேசறதில்ல, நானாவது பேசறேன்," என்றாள். என் தம்பி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். கத்தி பலகையில் படும் சத்தம் பாதியில் நின்றுபோயிற்று.

ரேடியோ ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, பழகாத குரலில் கேட்டார்.

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு அண்ணே."

"இன்னொரு தடவை சொல்லு."

"நின்னுச்சு. நீங்க பட்டன்லருந்து கைய எடுத்துட்டீங்க. நான்தான் நிறுத்தல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா. எல்லாரும் சொல்றாங்களே, நான் பேசிக்கிட்டேதான் ஓடினேனோன்னு. நீ சொன்னா பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். என் வாய நானே நம்பல. அதான் மூடி வெச்சுட்டேன்."

கால் இப்படி ஆனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி என்னைத்தான் பார்த்தாள். "ஒரு டம்ளர் தண்ணிகூட குடுக்கத் தோணல எனக்கு. தப்பா நெனைக்காதீங்க," என்றாள். தப்பாக நினைக்க எனக்கு என்ன இருக்கிறது? மருத்துவமனையில் அவருக்கு விரித்த விரிப்பை நான்தான் மடித்தேன், அவரைப் பற்றி அப்படிப் பேசியதும் நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றான் தம்பி.

"இப்ப போ," என்றார் அவர். "மொதல்ல ஆபீஸ்ல போய் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் ஆபீஸில் சொன்னான். முன்பு தோளில் தட்டிய சூப்பர்வைசர் இப்போது அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். தானாக வந்து சொன்னதால் வாசலில் சக்கரம் கழுவும் வேலை மட்டும் மிஞ்சியது. இதுவரை பாவம் என்றவர்கள் எல்லாம் இப்போது வாயைத் திறந்தார்கள். "தண்ணிய நிறுத்துன்னா நிறுத்துவியா குருவி, இல்ல அதுவும் காதுல விழாதா?" என்று ஒரு லாரி டிரைவர் தினமும் கேட்பார். தம்பி அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவான். "கேக்கட்டும்க்கா. கேக்கறது உண்மைதானே," என்று என்னிடம் சொல்வான். ஆனால் வீட்டில் சாப்பிட ஆரம்பித்திருந்தான். நானும் சலவைப் பிரிவில், முன்பு யார் யாரிடம் என்ன சொன்னேனோ அவர்களிடமெல்லாம் போய், நான் சொன்னது பொய், தப்பு என் தம்பியுடையது என்று சொன்னேன். மடித்த துணியைப் பிரிப்பது எனக்குப் பழக்கம்தான். இதைப் பிரிப்பது அப்படி இல்லை.

ரேடியோவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓட முடியாதவர் என்பதால், புதிய சிக்னல்மேன்களுக்குப் பழக்கிவிடும் வேலை. வாசல் கொட்டகைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். என் தம்பி கழுவும் இடத்துக்கு நேர் எதிரே. பல நாள் அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வரும்போது அவன் குழாயை மூடிவிட்டு, சேறு தெறிக்காத தூரத்தில் ஒதுங்கி நிற்பான். அவருடைய காலைப் பார்க்கமாட்டான். ஒரு நாள் அவர் தன்னிடம் படிக்க வந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னார். "அங்க பாருங்க. தண்ணி புடிக்கறதக்கூட கோணலாப் புடிக்கறான். மேல அவன எப்படி வெச்சிருந்தாங்களோ."

அன்று மாலை தம்பி என் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "அண்ணன் பழையபடி என்னக் கிண்டல் பண்ணிட்டாருக்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அடுத்த திருவிருந்துக்கு அவன் வெளியே போகவில்லை. வரிசையில் கடைசி ஆளாக நின்று, தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான்.

வெகுகாலம் கழித்து, மறுபடி பரீட்சை வைத்து அவனைப் பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ரேடியோதான் கேட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. பரீட்சை இருக்கட்டும், முதலில் ஏணி ஏற வேண்டுமே. அன்று நான் லீவு போட்டுவிட்டு, வேலி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் போகவில்லை அவனுக்கு. ஏணியின் அடியில் நின்று கண்ணை மூடினான்.

கட்டையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்த ரேடியோ கேட்டார். "என்னடா கேட்ட அவர்கிட்ட?"

"ஒண்ணும் கேக்கல அண்ணே. வர்றேன்னு சொன்னேன்."

ரேடியோ ஒரு வாக்கி டாக்கியை அவன் இடுப்பில் செருகிவிட்டு, தன்னுடையதை வாயருகே வைத்துக்கொண்டார். "ஏறு, ஏறு, ஏறு," என்று ஆரம்பித்தார். என் தம்பி ஏறினான். முதல் தட்டு வந்தது. போன தடவை நின்ற இடம். "ஏறு, ஏறு, ஏறு." அதைத் தாண்டினான். பாதி உயரம் போயிருப்பான், திடீரென்று அசையாமல் நின்றுவிட்டான். அன்று அவனைப் பிடித்து இறக்கியவர்களில் ஒருவர் ஏணியை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா ஆச்சு?" என்று ரேடியோ கேட்டார்.

வாக்கி டாக்கியின் இரைச்சலுக்கு நடுவே மேலேயிருந்து அவன் குரல் வந்தது. "நீங்க பேச்ச நிறுத்திட்டீங்களே அண்ணே."

"தண்ணி குடிச்சேன்டா."

"அது எனக்குத் தெரியாதில்ல."

சிலர் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். தன் காலை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து, பட்டனை அழுத்தினார்.

"ஏறு, ஏறு, ஏறு," என்றார். தம்பி கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை அவர் நிறுத்தவில்லை.